முதலை: இல்லை

1965 ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணிக்கு அம்மா எழுப்பினாள். லேபர் கேம்ப் பொதுக் குழாயில் ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், ஏழு மணிக்கு நின்றுவிடும். ஒரு வீட்டுக்கு நான்கு வாளி. வரிசையில் நாங்கள் பதினோராவது. அம்மா மூன்று வாளி தூக்கினாள்; நானும் மாமா மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு வாளி. ஆறேகாலுக்குக் குளியல், இரண்டரைச் செம்பு. ஏழு மணிக்கு டீ, ஒரு பாவ் ரொட்டி. ஏழு நாற்பதுக்கு மாமாவுடன் மாட்டுங்கா ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.

இது எதுவும் நினைவிலிருந்து எழுதுவதல்ல. அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அது நோட்டும் அல்ல. பம்ப் ஹவுசில் பாதி எழுதி நின்றுபோன ஒரு லாக் புத்தகம். முந்தின மாதம் அப்பா அதை எனக்குக் கொடுத்தார். முன்பாதியில் அவருடைய கையெழுத்தில் மணிக்கு ஒரு வரி: நேரம், வோல்ட், அழுத்தம், குறிப்பு, கடைசிக் கட்டத்தில் கையொப்பம். பின்பாதி என்னுடையது. எழுதுவதற்கு மூன்று விதிகள் சொன்னார்.

"கண்ணு பாத்தத மட்டும் எழுது. பாக்காம விட்டுட்டா கோடு போட்டுரு. அடிச்சித் திருத்தக் கூடாது."

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா பவாய் ஏரிக்கரையில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு கல்லூரி வளாகத்தில் பம்ப் ஆபரேட்டர். அங்கேயே அவருக்கு ஓர் அறையும் சமையலறையும் கொண்ட குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். அம்மாவும் நானும் லேபர் கேம்ப்பில் மாமா வீட்டில் இருந்தோம். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர். முந்தின தவக்காலத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தோம், திரும்பிப் போகவில்லை. யாராவது கேட்டால் அம்மா ஒரே பதில்தான் சொல்வாள்.

"பொம்பளப் புள்ளைய வச்சிக்கிட்டு மொதலை கெடக்குத ஏரிக்கரையில எப்படி இருக்கது?"

கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். மாமாவின் மனைவியான அத்தை மட்டும் ஆட்டமாட்டாள். அம்மா காதில் விழும் தூரத்தில்தான் பேசுவாள். "அந்த மொதலைய ஒரு நா இங்கன கொண்டாந்து விடணும். இந்த ஏழு பேத்துக்கு நடுவுல ஒரு ராத்திரி படுத்துதுன்னா, அதுவே பயந்து ஓடிரும்." இன்னொரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்: "மொதலையுமில்ல, ஒண்ணுமில்ல. அந்த மனுசன் அன்னைக்கு ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா இவ அங்கனயே இருந்திருப்பா. உள்ளத உள்ளபடி சொல்லுதேன்னு நிண்டாவ. இப்ப ஒத்தையில கெடக்காவ."

என்ன விஷயத்தில் என்று நான் கேட்கவில்லை. பிற்பாடு கேட்கக்கூடிய வயது வந்தபோது பதில் சொல்லக்கூடியவர்கள் இல்லை. அந்தக் கட்டத்தில் இன்றுவரை கோடுதான். அத்தை சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை. அம்மா காரணத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கும்போது அத்தையின் பேச்சு எதற்கு? காரணம் முதலை. முதலை இல்லையென்றால் காரணம் இல்லை. காரணம் இல்லையென்றால் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மாதத்தின் இரண்டாம் ஞாயிறுகளில் அப்பா என்னை பவாய்க்கு அழைத்துப் போவார். அந்தப் புத்தகம் கைக்கு வந்தபோதே, அடுத்த முறை ஏரிக்கரையில் உட்கார்ந்து முதலை இல்லை என்பதை நிரூபித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அப்பா லேபர் கேம்ப்புக்கு வரமாட்டார். எட்டு மணி பத்து நிமிடத்துக்கு மாட்டுங்கா பிளாட்பாரத்தில் கடிகாரத்துக்குக் கீழே நிற்பார். மாமா அவரிடம் என்னை ஒப்படைப்பார். இருவரும் எப்போதும் ஒரே விஷயம்தான் பேசிக்கொள்வார்கள்.

"என்ன மாப்ள, ஏரியில தண்ணி எப்படி?"

"எறங்கிட்டு வருது மச்சான்."

அம்மாவைப் பற்றி அப்பா கேட்கமாட்டார். நான் உடுத்தியிருந்த பாவாடையை, தலை பின்னியிருந்த விதத்தை ஒரு தரம் பார்ப்பார். அவ்வளவுதான்.

விக்ரோலியில் இறங்கி, பஸ் பிடித்து, ஒன்பதரைக்குக் குவார்ட்டர்ஸ் போய்ச் சேர்ந்தோம். அங்கே போனதும் நான் முதலில் செய்வது சமையலறைக் குழாயைத் திறந்து மூடுவது. எத்தனை மணிக்குத் திறந்தாலும் தண்ணீர் வந்தது. அலமாரியில் தட்டு மூன்று, டம்ளர் மூன்று. இரண்டு டம்ளர்களைக் கவிழ்த்து மேலே ஒரு துணியைப் போட்டிருந்தார். நான் போகும் நாளில் ஒன்றை நிமிர்த்துவார். இன்னொன்று எப்போதும் கவிழ்ந்தே இருக்கும்.

அப்பாவுக்குப் பத்திலிருந்து நாலு வரை ஷிப்ட். பம்ப் ஹவுஸ் ஏரியின் விளிம்பிலேயே இருந்தது. வாசலில் ஒரு கவிழ்த்த பெட்டியைப் போட்டு என்னை உட்கார வைத்து, மணி பார்க்கத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். உள்ளே சுவர்க்கடிகாரம் இருந்தது. தண்ணீருக்குப் பக்கத்தில் போகக் கூடாது, பெட்டியை விட்டு எழுந்தால் சொல்லிவிட்டு எழ வேண்டும்.

அரை மணிக்கு ஒரு வரி எழுதினேன். பத்து மணி: வெள்ளைக் கொக்கு நான்கு. நீர்க்காகம் ஒன்று, சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. முதலை: இல்லை. பத்தரை: கறுப்பு உடம்பு, வெள்ளை மூக்கு உள்ள பறவை, இருபதுக்கு மேல், பெயர் தெரியாது. முதலை: இல்லை. பதினொன்று: பச்சை ஆமை, கல்லின்மேல் ஒன்று; பிறகு இரண்டு; பிறகு பூஜ்யம். முதலை: இல்லை. பதினொன்றரை: ஆகாயத்தாமரை இலைகளின்மேல் நீண்ட விரல்களால் நடந்து போகும் செம்பழுப்புப் பறவை, பெயர் தெரியாது. முதலை: இல்லை.

ஒவ்வொரு 'இல்லை'யும் டிரங்குப் பெட்டியை ஒரு அடி நகர்த்துவதுபோல் இருந்தது. ஞாயிறானதால் மாணவர்கள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. பம்பின் ஓசை மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா மணிக்கு ஒரு முறை உள்ளே எழுதினார். நான் வெளியே எழுதினேன். நடுவில் நாங்கள் பேசிக்கொண்டது மிகக் குறைவு. எழுதியதைப் பார்த்தால், பன்னிரண்டு மணிக்கு அவர் "பசிக்கா?" என்று கேட்டிருக்கிறார். நான் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டரைக்குச் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டிருக்கிறோம். உப்புக் கொஞ்சம் அதிகம்.

ஒன்று பத்துக்கு நான் அதைப் பார்த்தேன்.

எதிரே கரை உள்வாங்கி ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் இடையில் எங்கள் பள்ளி மைதானத்தின் அகலம் தண்ணீர் இருக்கும். பாறைமேல் ஒரு கட்டை கிடந்தது. ஒரு மணி வரியில் நான் கட்டை எதையும் எழுதியிருக்கவில்லை. வெயில் அதன்மேல் விழுந்து ஈரம் காயக் காய நிறம் மாறிக்கொண்டே வந்தது. ஒரு கொக்கு அதன் பக்கமாக நடந்து வந்து, பாதியில் நின்று, யோசித்துத் திரும்பிப் போனது. பிறகு அந்தக் கட்டையின் ஒரு முனை மெதுவாக, மிக மெதுவாக, இரண்டாகப் பிரிந்தது. உள்ளே வெளிர்மஞ்சளாக இருந்தது. பிரிந்தது மூடவில்லை.

நான் பயப்படவில்லை. அது யாரையும் பார்க்கவில்லை, எதையும் தேடவில்லை. வாயைத் திறந்துகொண்டு வெயிலில் சும்மா கிடந்தது. சுற்றிலும் அவ்வளவு பறவைகள் இருந்தும் அந்தப் பாறைக்கு எதுவும் போகவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்று இருபத்திரண்டுக்கு எனக்குப் பின்னால் அப்பா நிற்பது தெரிந்தது. எப்போது வந்தார் என்று தெரியாது. அவரும் பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது கட்டைதானப்பா?"

அப்பா பாறையிலிருந்து கண்ணை எடுத்து என் மடியைப் பார்த்தார்.

"எழுதுளா. ஒம் புத்தகம்லா அது."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளையும் தடங்கலின்றி ஒப்பித்து முந்தின வருடம்தான் பரிசு வாங்கியிருந்தேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை ஆகும்வரை காத்திருந்தேன். அதற்குள் அது தண்ணீருக்குள் போய்விட்டால் ஒன்றரைக்கு இல்லை என்று எழுதுவது சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு. அது போகவில்லை. ஒன்றரை: நீர்க்காகம் இரண்டு. கொக்கு ஐந்து. முதலை: இல்லை.

நாற்பது வருடமாக டைரி எழுதுகிறேன். மறந்து தவறாக எழுதியவை பல இருக்கும். தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

மை காய்வதற்குள் தோட்டக்கார மாலி அந்தப் பக்கம் வந்தார். மராத்திக்காரர், என்னைப் பார்க்கும்போதெல்லாம் எதையாவது கேட்டுச் சிரிக்க வைப்பார். "க்யா பேபி, மகர் தேக்கா?" என்றார். முதலையைப் பார்த்தாயா என்று அர்த்தம். நான் வாயைத் திறப்பதற்குள் பம்ப் ஹவுஸ் ஜன்னலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நஹீ. ஆஜ் நஹீ ஆயா."

இன்றைக்கு வரவில்லை என்று அப்பா சொன்னார். மாலி பாறையைப் பார்த்தார். அது அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஜன்னலைப் பார்த்தார். என்னையும் என் மடியிலிருந்த புத்தகத்தையும் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு, "அச்சா, அச்சா" என்று சொல்லிவிட்டுப் பூவாளியைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பியும் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு ஷிப்ட் மாறியது. அப்பா தன் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து என் புத்தகத்தைக் கேட்டார். நான் கொடுத்தேன். நின்றபடியே முதல் வரியிலிருந்து படித்தார். முந்தின மாதம் எழுதப் பழக்கும்போது, நான் பதினொரு மணி அளவைப் பதினொன்று பத்துக்கு எழுதிவிட்டேன் என்பதற்காக ஒரு பக்கம் முழுக்க மறுபடி எழுத வைத்தவர் அவர். ஒன்றரை மணி வரியில் அவர் விரல் நின்றது. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பன்னிரண்டு வரிக்கும் சேர்த்துக் கடைசிக் கட்டத்தில், தன் புத்தகத்தில் போடும் அதே முழுக் கையெழுத்தைப் போட்டு, கீழே தேதி எழுதினார். கையெழுத்துப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை.

திரும்பும் ரயிலில் அவர் என் தலையில் கையை வைத்துக்கொண்டு வந்தார். ஆறு மணிக்குப் பிளாட்பாரத்தில் மாமா காத்திருந்தார். தண்ணீர் இறங்குவதைப் பற்றி அன்றைக்கு இருவரும் பேசவில்லை.

அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் செருப்பைக் கழற்றாமலே புத்தகத்தை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி விளக்கடியில் வைத்துப் படித்தாள். பறவைகளை எல்லாம் விடாமல் படித்தாள். கடைசியில் கையெழுத்துக்கு வந்து நின்றாள்.

"இது ஒங்கப்பா போட்டதா?"

"ஆமா."

"நீ போடச் சொன்னியா?"

"இல்ல. அவியளே போட்டாவ."

அம்மா கட்டைவிரலை அந்தக் கையெழுத்தின்மேல் வைத்து, அழிகிறதா என்று பார்ப்பதுபோல் லேசாகத் தேய்த்தாள். அழியவில்லை. "நெசமாவே மொதலை வரலியா?" என்று கேட்டாள். வரவில்லை என்றேன். அத்தை எதையோ சொல்ல வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

பெட்டியை இன்றைக்கே கட்டுவதா, வருகிற ஞாயிறா என்று கேட்க நான் காத்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மொதலை இல்லைன்னா என்ன, பாம்பு கெடக்கும்லா. ஏரின்னா பாம்பு இல்லாமலா இருக்கும்?"

குரல் வழக்கமான குரலாக இல்லை. அதைச் சளி என்று நினைத்து அப்படியே எழுதியும் வைத்திருக்கிறேன். புத்தகத்தை அவள் திருப்பித் தரவில்லை. படுக்கும்போது தன் பாயின் அடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை, ஐந்து மணிக்கு எழுந்தேன். அம்மா வாளியோடு வரிசைக்குப் போய்விட்டிருந்தாள். புத்தகம் என் தலைமாட்டில் இருந்தது. முகம் கழுவுவதற்கும் முன்னால், ஸ்கேலை எடுத்து ஒரு புதுப் பக்கத்தில் கோடுகள் போட்டேன். மேலே 14-2-1965, இரண்டாம் ஞாயிறு என்று எழுதினேன். நேரம், பறவை, குறிப்பு. முதலை என்ற கட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாம்பு என்று எழுதினேன். கையெழுத்துக் கட்டத்தை இந்த முறை இரண்டு பேர் போடும் அளவுக்கு அகலமாக விட்டேன்.