கழுவாத விரல்

கதவில்லாத வீட்டுக்குள் நாள் முழுவதும் ஓடும். வெளியே வந்தால் சற்று நேரத்தில் உறைந்துவிடும். அது என்ன? இரத்தம். அதைச் சொட்டுச் சொட்டாகக் கேட்டு வாங்குவதுதான் என் தொழில். ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களே, நானும் உங்களைப் போலத்தான். என் கையில் யாராவது குத்தினால் கண்ணை மூடிக்கொள்வேன்.

சுவரின் ருசி

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் இரத்தப் பரிசோதனைக்கூடம். பனி ஜன்னலை மூடியிருந்த ஒரு காலையில், ஐந்து வயதுச் செல்வி சுண்ணாம்புச் சுவரை நக்கிக்கொண்டிருந்தாள், ஏதோ கனவில் இருப்பவள்போல. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் சில குழந்தைகளின் நாக்கு இப்படி மண்ணையும் சுவரையும் தேடும். அவள் அம்மா அலுத்துக்கொண்டார்: "நாலு வீட்ல சப்பாத்தி சுடறேன் சார், இவளுக்குச் சுவருதான் வேணுமாம்!"

ஒரு சொட்டு

அப்பா முருகேசனுக்குப் பழைய பேட்டரி உடைக்கும் கடையில் வேலை. செல்வியை அங்கிருந்து நேராகத் தூக்கி வந்திருந்தார். பேட்டரியில் இருக்கும் காரீயம் நஞ்சு என்பதால், இரத்தத்தில் அதன் அளவையும் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் விரலை ஸ்பிரிட்டால் துடைத்துக் குத்தினேன். அளவு பயங்கரமாக வந்தது. பிறகுதான் உறைத்தது: விரலில் ஒட்டியிருந்த காரீயத் தூசி சொட்டோடு கலந்துவிட்டது. அது ஸ்பிரிட்டுக்குப் போகாது, சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும். "தப்பு என்னுடையது, மறுபடி எடுக்கணும்" என்றேன். முருகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "தப்புன்னா நல்லதுதானே சார்? தப்புன்னே சொல்லுங்க சார்."

இரண்டாவது குழாய்

இம்முறை கழுவித் துடைத்து, முழங்கை மடிப்பில் எடுத்தேன். இரத்தம் பிடித்த சோதனைக் குழாயைக் குலுக்கக் கூடாது. தூங்கும் குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல மெல்லக் கவிழ்க்க வேண்டும். அந்த அசைவில் அறையே அமைதியாகிவிடும்.

அளவு பாதியாகக் குறைந்திருந்தது. ஆனாலும் அதிகம்தான். இரும்புச்சத்து குறைந்த உடம்பு காரீயத்தைச் சுலபமாக உள்ளே விடும் என்றார் டாக்டர். மருந்து எழுதினார், கடையை விடச் சொன்னார், அதுவரை குளித்து உடை மாற்றாமல் பிள்ளையைத் தொடக் கூடாது என்றார். முருகேசன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "இந்தக் கையாலதான் சார் தினமும் சோறு ஊட்டினேன்."

யார் மடி?

மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனைக்கு வந்தார்கள். முருகேசன் இப்போது துவாரகாவில் ஒரு குடியிருப்பின் தோட்டக்காரர். ஆனாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மகளைவிட்டுத் தள்ளியே நின்றார். "குளிச்சிட்டுத்தான் வந்தேன் சார். ஆனா பழகிப்போச்சு."

ஊசி குத்தும்போது யார் மடியில் உட்காருகிறாய் என்று செல்வியைக் கேட்டேன்.

அப்பா மடியில் உட்கார்ந்தாள்.