காற்று பிரிந்த காலை

பாஞ்சாலை வாய் கூசுகிற பெண். 'வெளிக்குப் போவது' என்றுகூடப் புருஷன் எதிரில் சொல்லமாட்டாள். அவன் ஜெயவேல், முள்ளிப்பட்டில் பட்டுத் தறி நெய்கிறவன். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், எழுபத்தெட்டில், அவர்களுக்குக் கண்ணகி பிறந்தாள்.

மூன்று நாளாகியும் குழந்தை வெளிக்குப் போகவில்லை. வயிறு தவில் மாதிரி உப்பியது. விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பை வைத்தால் கொஞ்சம் போகும். மறுநாளே மறுபடியும் தவில். ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். குழந்தை பச்சையாக வாந்தி எடுத்ததும் பாஞ்சாலை யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வேலூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஜெயவேல் தறியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிவப்பிரகாசம், உறை போட்ட சுண்டுவிரலை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார். அவ்வளவுதான், அடைந்து கிடந்ததெல்லாம் பீச்சியடித்து அவருடைய வெள்ளைக் கோட்டை மஞ்சளாக்கிவிட்டது. பாஞ்சாலைக்கு உயிரே போயிற்று. முந்தானையால் துடைக்கப் போனாள். டாக்டர் சிரித்தார்.

"இருக்கட்டும்மா. என்ன நோய்னு உன் பொண்ணே சொல்லிட்டா."

குடலின் கடைசித் துண்டில் நரம்பு இல்லாமலே குழந்தை பிறந்திருக்கிறது, அதனால் அந்த இடம் மலத்தைத் தள்ளத் தெரியாமல் இறுகிக் கிடக்கிறது என்றார். இப்போதைக்கு மலம் வெளியேற வயிற்றில் ஒரு வழி திறப்பது. ஒரு வயசானதும் அந்தத் துண்டை எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்துச் சேர்ப்பது.

அந்த ஒரு வருஷமும் பாஞ்சாலை பழைய வேட்டிகளைக் கிழித்து வயிற்றில் கட்டினாள், அவிழ்த்தாள், துவைத்தாள். வீட்டில் முழு வேட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. கண்ணகி மட்டும் கொழுகொழுவென்று ஆனாள்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்ததும் வார்டில் ஒரே கேள்வி: காற்று பிரிந்ததா? குடல் வேலை செய்கிறதென்பதற்கு அதுதான் அடையாளம். டாக்டர் கேட்டார், நர்ஸ் கேட்டார், அடுத்த கட்டில்காரியும் கேட்டாள். மூன்றாம் நாள் காலையில் கண்ணகி சின்னதாக ஒரு சத்தம் விட்டாள். வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்த புருஷனைப் பாஞ்சாலை வார்டே திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டாள்.

"ஏங்க, கொழந்த குசு வுட்டுச்சிங்க."

ஜெயவேல் ஓடிவந்து, டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதான்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் சில நாள் பாவாடையில் போய்விடும். பாஞ்சாலை டீச்சரிடம் போய், தன் மகள் எழுந்தால் காரணம் கேட்காமல் அனுப்பும்படி சொல்லிவிட்டு வந்தாள்.

எண்பத்தாறில் ஒருநாள் காலை, படவேட்டிலிருந்து உண்ணாமலை என்றொருத்தி வயிறு உப்பிய கைக்குழந்தையோடு பாஞ்சாலை வீட்டை விசாரித்து வந்தாள். ஆபரேஷன் என்று பாஞ்சாலை சொன்னதும் உண்ணாமலை குழந்தையோடு வாசலுக்குத் திரும்பினாள். பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டி நின்ற கண்ணகி, சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினாள்.

"தூங்க வெச்சிதான் செய்வாங்க அத்தை. நான் இன்னா, நல்லாதானே கீறேன்?"

உண்ணாமலை அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். பாஞ்சாலை வேலூருக்குத் துணையாகப் புறப்பட்டாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக் கிடைத்த சாக்கைக் கண்ணகி விடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரமும் அவளுக்குத்தான்.