அடையில் இருந்த கோழி

என் கோழியை அறுத்துக் குழம்பு வைத்த அன்று நான் செய்யாறில் பகல் ஷிஃப்டில் இருந்தேன். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் என் வேலை. கம்பெனி பஸ் சேவூரில் இறக்கிவிட்டபோது டிசம்பர் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. துப்பட்டாவைக் காதோடு இழுத்துச் சுற்றிக்கொண்டு நடந்தேன். தெருமுனையிலேயே மசாலா வாசனை வந்தது. எங்கள் வீட்டில்தான் என்று அப்போது தெரியவில்லை.

வாசலில் என் நாத்தனார் வீட்டுக்காரருடைய பைக் நின்றிருந்தது. அவருக்குக் களம்பூர் ரைஸ் மில்லில் வேலை. சொல்லாமல் கொள்ளாமல் வருகிற மனிதர். நான் நேராகத் தறி ரூமுக்குப் போனேன். தறிக்குப் பின்னால், சுவர் ஓரமாக, வைக்கோல் போட்ட கூடையில்தான் என் கோழி ஒரு வாரத்துக்கு மேலாக அடையில் இருந்தது. கூடையில் முட்டைகள் மட்டும் கிடந்தன.

அது அம்மா வீட்டிலிருந்து கட்டைப் பையில் வைத்து, டவுன் பஸ்ஸில் மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்த கோழி. அடையில் உட்கார்ந்ததிலிருந்து சரியாகத் தீனிகூடத் தின்னாமல், நெஞ்சு முடியெல்லாம் உதிர்ந்து, தொட்டால் எலும்புதான் கையில் தட்டும்.

"அத்தை, கோழி எங்கங்க?"

மாமியார் அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னார். "மாப்ள திடீர்னு வந்துட்டாரும்மா. வூட்ல ஒண்ணும் இல்ல. இன்னா பண்றது?"

"அது அடையில இருந்த கோழிங்க!"

"கோழிதானே. இதுக்குப் போயி இப்படி மூஞ்சத் தூக்கிகினு நிக்கிறியே. வேற வாங்கிக்கலாம்."

பக்கத்துத் தெருவில் பிராய்லர் கடை இருக்கிறது. அதுவரை நடக்க ஒருவருக்கும் கால் இல்லை. ஒரு போன் போட்டு என்னைக் கேட்க ஒருவருக்கும் வாய் இல்லை. தறியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். அவர் நூல் ஓடுகிற நாடாவைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன். அம்மா கேக்கல."

"சொன்னீங்க. அப்புறம் சாப்ட்டீங்க."

நான் அன்று சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை.

முட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். ஓரத்தில் இருந்தவை சில்லிட்டிருந்தன. நடுவில் வைக்கோலுக்குள் புதைந்திருந்த முட்டைகளில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது போலத் தோன்றியது. அது முட்டையின் சூடா, என் கோபத்தின் சூடா என்று தெரியாது. அத்தனையையும் துப்பட்டாவில் சுருட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டு மீன் விற்கிற அக்கா வீட்டுக்கு நடந்தேன். ஐஸ் வைக்கிற தெர்மாகோல் பெட்டி ஒன்று கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எதற்கென்று கேட்கவில்லை.

பெட்டியின் பக்கத்தில் ஓட்டை போட்டு ஒரு குண்டு பல்பை உள்ளே விட்டேன். மூலையில் ஒரு டம்ளர் தண்ணீர், காற்றுக்குச் சின்னச் சின்னத் துளைகள். அலங்கார மீன் கடையில் தொட்டிக்குப் போடுகிற தெர்மாமீட்டர் கிடைத்தது. எல்லாம் போனில் வீடியோ பார்த்துச் செய்தது. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சிலால் கோடு போட்டேன். கோழி காலால் புரட்டுவதை நான் கையால் புரட்ட வேண்டும். நான் கம்பெனியில் இருக்கும் நேரத்தில் புரட்டுவது உங்கள் வேலை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்து வந்து பார்க்கிறேன், பல்பு அணைந்திருக்கிறது.

"பகல்ல எதுக்கு லைட்டு? நான்தான் நிறுத்தினேன்" என்றார் மாமியார்.

"அத்தை, அது வெளிச்சத்துக்கு இல்லங்க. குளுருக்கு. உள்ள உயிர் இருக்குது."

"முட்டைக்குள்ள இன்னா உயிரு? பேஜார் புடிச்ச வேலை."

போனில் டார்ச்சைப் போட்டு ஒரு முட்டையை அதன் மேல் வைத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். சிவப்பு நரம்புகள் வலை மாதிரி ஓடின. நடுவில் கறுப்பாக ஒன்று திடுக்கென்று அசைந்தது. மாமியார் பார்த்தார். அடுப்படிக்குப் போய்விட்டார். நான் சுவிட்சின் மேல் செலோ டேப் ஒட்டினேன்.

ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. கம்பெனியில் எனக்குக் கை ஓடவில்லை. வந்து பார்த்தால், பெட்டிக்குள் வெந்நீர் நிரப்பிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்கள் துணி சுற்றி நிற்கின்றன, மேலே கம்பளி. ஆறஆற மாற்றியிருக்கிறார் என் வீட்டுக்காரர். அன்றுதான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசினேன். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு, எல்லோரும் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள் சத்தம் கேட்டது. உடையாத முட்டைக்குள்ளிருந்து வந்த சத்தம். நான் சர்ச்சுக்குப் போகவில்லை. முதல் குஞ்சு ஓட்டைக் கொத்தி, ஓய்ந்து, மறுபடி கொத்தி, மதியத்துக்கு மேல்தான் நனைந்த பஞ்சு மாதிரி வெளியே விழுந்தது. மாமியார் அடுத்த முட்டையிடம் குனிந்து, "ஓட்டை ஒடச்சி வுடலாமா?" என்றார். "கை வைக்காதீங்க" என்றேன். அந்த வீட்டில் அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஏழு பிழைத்தன. மற்றவை திறக்கவே இல்லை. ஒன்றை உடைத்துப் பார்த்தேன். பாதிதான் வளர்ந்திருந்தது, கண்ணும் அலகும் தெரிந்தன. கோழியை அறுத்த அன்று குளிரில் கிடந்த மத்தியானம்தான் அதைக் கொன்றிருக்க வேண்டும். முருங்கை மரத்தடியில் குழி தோண்டி மூடினேன். இதற்கு யாரைப் போய்க் கேட்பது? கேட்டால் முட்டைதானே என்பார்கள்.

புது வருஷத்தன்று நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். அவர் போனை எடுத்துக் குஞ்சுகளைப் படம் பிடித்து, 'எங்க மாமியார் வீட்டுக் கோழிப்பண்ணை' என்று ஸ்டேட்டஸ் வைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: "அன்னிக்கு சாப்ட்டமே, அதோட குஞ்சுங்களா? கறி ஒண்ணும் அவ்ளோ நல்லா இல்லம்மா, வெறும் எலும்பு."

மாமியார் உடனே, "மாப்ள, பசங்களுக்கு ரெண்டு எடுத்துகினு போங்க" என்றார்.

"இல்லண்ணா, ஒண்ணுகூடத் தரமாட்டேன்" என்றேன். "அடைக்கோழி உடம்புல எலும்புதான் இருக்கும். இத்தனையும் பொரிக்கத்தான் அது அப்படி ஆச்சு."

அவர் சிரிப்பு நின்றது. நாத்தனார் எழுந்து பையை எடுத்தார். "ஒரு கோழிக்கு இவ்ளோ பேச்சா?" என்று மாமியார் கத்தினார். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து பெட்டியைத் தூக்கி எங்கள் ரூமில் வைத்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாமியார் பொங்கல் வரை என்னோடு பேசவில்லை. ஆனால் காலையில் நொய் அரிசி மட்டும் குஞ்சுகளுக்குச் சரியாக விழுந்துகொண்டிருந்தது. யார் போடுகிறார்கள் என்று நானும் கேட்கவில்லை.

குஞ்சுகள் இப்போது வளர்ந்துவிட்டன. அதில் ஒன்று முட்டையிட ஆரம்பித்ததும் ஆசாரியைக் கூப்பிட்டுக் கூண்டுக்கு மரக்கதவு போட்டேன், கதவுக்குப் பூட்டும் போட்டேன். எங்கள் வீட்டில் பீரோவுக்கே பூட்டு கிடையாது. தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சாவி என் கம்பெனி அடையாள அட்டைக் கயிற்றில் கோத்திருக்கிறது, செய்யாறுக்கு என்னோடு போய் வருகிறது.