பைக்குள் இரண்டு மூச்சு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். "மயக்க வாயு உனக்கும் கொஞ்சம் ஏறியிருக்கும்" என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு. பட்டப்பகலில், தெளிந்த தலையோடு, என் இரண்டு கண்ணாலும் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று மேசையில் படுத்திருந்தது என் தங்கை. குடல்வால் வெடித்துவிட்டது. வேறு ஆள் வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

"அண்ணா, நான் எழுந்திருப்பேன்ல?"

"உன்னை எழுப்பாம விட்டா வீட்டுல எனக்குச் சோறு கிடைக்காது. தூங்கு."

எங்கள் இயந்திரம் மகா கஞ்சன். நோயாளி விடும் மூச்சை வீணாக்காது. சுண்ணாம்புக் குடுவை வழியாக அனுப்பிச் சுத்தம் செய்து, மயக்க வாயுவோடு அவருக்கே திருப்பிக் கொடுக்கும். மூச்சு விட்டால் ரப்பர் பை உப்பும். இழுத்தால் சுருங்கும். மூச்சுப் பட்டுப் பட்டு வெள்ளைச் சுண்ணாம்பு ஊதாவாகும். ஒரு ஆளுக்கு ஒரு குடுவை நாள் முழுக்கத் தாராளமாகத் தாங்கும்.

தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கை தானாக மூச்சு விடத் தொடங்கியிருந்தாள். புஸ்... புஸ்... பை உப்பிச் சுருங்கியது.

பிறகு, நடுவில் ஒரு சின்னப் புஸ்.

குடுவையைப் பார்த்தேன். காலையில்தான் புதுச் சுண்ணாம்பு நிரப்பியிருந்தேன். அடிவரை ஊதா.

"எங்கயாவது கசியுதாப்பா?" என்றார் மயக்க டாக்டரம்மா.

"இல்ல மேடம்." குழாய் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டேன்.

சின்ன மூச்சு வளர்ந்தது. தங்கையின் மூச்சு தேய்ந்தது. திரையில் ஆக்சிஜன் அளவு இறங்கியது. டாக்டரம்மா பையை அமுக்கினார். அமுங்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டதுபோல...

தங்கையின் உதடு நீலமானது.

கடவுளே, அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

அவள் வாயிலிருந்த குழாயிலிருந்து இயந்திரத்தின் குழாயைப் பிடுங்கிப் பிரித்தேன்.

இயந்திரத்தின் குழாய் வெறுமனே தொங்கியது. அதில் யாருமில்லை.

பை உப்பியது.

சுருங்கியது.

உப்பியது...

சட்டென்று தட்டையானது. தொங்கிய குழாயின் முனை தங்கையின் முகத்தைப் பார்த்து இருந்தது. சில்லென்று ஏதோ என் விரலைத் தொட்டுப் போனது.

அதே நொடியில் அவள் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்து அவள் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மச்சான், அவ தூங்கும்போது ரெண்டு மூச்சு கேக்குது. ஒண்ணு பெருசு... நடுவுல ஒண்ணு சின்னது. ஆபரேஷன்ல ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை."

நேற்று மறுபடி கூப்பிட்டார். இப்போது சின்னதுதான் பெரிதாகக் கேட்கிறதாம்.