காலடியில் எலுமிச்சை

பினாங்கில் சம்பளம் வாங்கி ஆடிய கூடைப்பந்து கிளப் ஒன்று இருந்தது என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. இருந்தபோதும் நம்பவில்லை. சில ஆட்டங்களில் பார்க்க வந்தவர்களைவிட ஆட வந்தவர்கள் அதிகம். அதன் அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். அலுவலகம் என்றால் நானும் ஒரு மேசையும்தான். டிக்கெட் கிழிப்பது, பஸ் பிடிப்பது, சட்டைகளைத் துவைக்கப் போடுவது எல்லாம் என் தலையில்.

மூன்று பருவம் ஆடியும் சொந்த அரங்கத்தில் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. கடைசியில் முதலாளி சொல்லிவிட்டார்: அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தால் கிளப் இருக்கும், தோற்றால் மூடுவிழா. மற்றவர்கள் இளவட்டங்கள், வேறு அணி கிடைக்கும். கேப்டனுக்குக் கிடைக்காது. அணியில் மூத்தவன் அவன்தான், ஒரே தமிழனும் அவன்தான்.

"மூடிட்டா என் ஆட்டம் அவ்ளோதான்கா," என்றான்.

மூடப்போகிற கிளப்புக்கு அதே வாரம் புது பஸ் வந்து நின்றதுதான் கூத்து. எப்போதோ சொல்லி வைத்ததாம். ஜெலுத்தோங் பசாரில் எலுமிச்சை வாங்கி வந்து, சக்கரங்களுக்கடியில் வைத்து, பஸ்ஸை ஏற்றச் சொன்னேன். பையில் நிறைய மிச்சம். சக்கரத்துக்குக் கண்ணேறு கழிக்கலாம், காலுக்குக் கழிக்கக் கூடாதா? பார்க்கவே ஆள் வராத அணிமேல் யார் கண் பட்டிருக்கும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

ஆட்டத்தன்று உடை மாற்றும் அறையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு ஷூவுக்கடியிலும் ஒரு பழம் வைத்தேன். சீனப் பயிற்சியாளர் தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகனுக்குத் தேங்காய் உடைத்தவர். அவரும் பக்தியோடு தன் ஷூவை நீட்டினார்.

"மிதிங்க லா!" என்றேன். மிதித்தார்கள். அப்படியே மைதானத்துக்கு ஓடினார்கள்.

எங்கள் ஷூக்களிலிருந்து தரையில் ஒட்டிய சாற்றில் முதலில் எதிரணிக்காரர்கள்தான் வழுக்கினார்கள். ஒருவன் விழ, இன்னொருவன் அவன்மேல் விழ, எங்கள் ஆட்கள் பந்தைக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். முருகா, பலிக்குது! என்று துள்ளினேன். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, மண்டியிட்டுத் தரையை மோந்து பார்த்தார். "லீமாவ்?" என்று மலாயில் கேட்டார். எலுமிச்சையா, அதுவா, சோப்பு வாசனை என்று கூசாமல் புளுகிவிட்டு, நானே தரையைத் துடைத்தேன்.

கடைசி நொடிகளில் எங்களுக்கு ஒரு புள்ளிதான் குறைவு. கேப்டன் கையில் பந்து. எதிரே யாருமில்லை. எம்பினான், ஆனால் கால் வழுக்கியது. பந்தைக் கட்டிப்பிடித்தபடி கூடைக்கடியில் சறுக்கிப் போய் என் நாற்காலியில் முட்டி நின்றான். ஆட்டம் முடிந்ததற்குச் சங்கு ஊதியது.

தூக்கிவிடக் குனிந்தேன். அவன் ஷூவின் அடியில் எலுமிச்சைத் தோல் ஒட்டியிருந்தது. யாரும் பார்க்குமுன் பிய்த்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். வயசாயிடுச்சு, கால் போயிடுச்சு என்று எல்லோரும் பேசினார்கள். நான் வாயே திறக்கவில்லை. கிளப்பை மூடினார்கள். அவன் அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை.

போன மாதம் என் ஃபிளாட் வாசலுக்குப் புதுக் காடியோடு வந்தான்; காரைத்தான் சொல்கிறேன். வாடகைக்கு ஓட்டப்போகிறானாம்.

"உங்க கையால எலுமிச்ச வைங்கக்கா," என்றான்.

பழத்தைக் கையில் எடுத்தேன். அன்றைக்கு நடந்த அத்தனையும் சொல்லிக் கொட்டிவிட்டேன், அந்தத் தோல் வரைக்கும். திட்டுவான், காடியில் ஏறிப் போய்விடுவான் என்று நின்றேன். அவன் குனிந்து தன் கால்களையே பார்த்தான்.

"அப்போ என் காலு நல்லாதான் இருந்துச்சா?"

"நல்லாதான் இருந்துச்சு தம்பி."

"இத்தன வருஷமாவா சொல்லாம இருந்தீங்க?"

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நாலடி ஓடி, வாசல் கூரையை எம்பித் தொட்டான். மறுபடியும் தொட்டான். மூச்சு வாங்கத் திரும்பி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வைங்கக்கா. காடிக்கு பிரேக் இருக்கு லா."