அப்பாவுக்குக் காட்டிய அட்டை

எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்று சின்ன வயதில் ஊரே நம்பியது. ஊர் என்றால் ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த மாடிவீடு, கீழே வீட்டுக்காரர் குடும்பம், அம்மாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்க வரும் நாலைந்து பெண்கள், அவ்வளவுதான். ஆறாம் வகுப்பில் ஆங்கிலத்துக்காக ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தேன். அம்மா அதற்குக் கண்ணாடி போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தாள். விளக்கேற்றும்போது எனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு விழுவதாக நான் நினைத்துக்கொள்வேன்.

அப்பா துவாக்குடிப் பக்கம் ஒரு இரும்புப் பட்டறையில் காண்ட்ராக்ட் ஆள். சாரத்தில் ஏறி நின்று, கனமான இரும்புச் சட்டங்களைக் கயிறு கட்டித் தூக்கி நிறுத்துவது அவர் வேலை. விடிந்ததும் கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, இரண்டு பஸ் மாறிப் போவார். அவரோடு வேலை பார்த்த இரண்டு பேர் ஏற்கெனவே வெளிநாடு போயிருந்தார்கள். அப்பாவுக்கும் ஒரு ஏஜென்ட் மூலமாக மஸ்கட்டில் ஒரு வேலை வந்தது. சேஃப்டி சூப்பர்வைசர். இனி ஏறவே வேண்டாம். தரையில் நின்றுகொண்டு, ஏறுகிறவன் பெல்ட் மாட்டியிருக்கிறானா என்று பார்த்தால் போதும். ஒரே ஒரு சிக்கல், போனில் இன்டர்வியூ வைப்பார்கள், அதுவும் ஆங்கிலத்தில்.

ஏஜென்ட் இருபது கேள்விபதில்களை அச்சடித்துக் கொடுத்திருந்தார். அப்பாவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு சான்றிதழ்க்காரியான என் தலையில் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, அப்பாவுக்கு வார்த்தைகள் வந்தன. பட்டறையில் புழங்கும் பாதி வார்த்தை ஆங்கிலம்தானே. இன், ஆன், அட் என்ற மூன்றும்தான் அவரைப் படுத்தி எடுத்தன.

"தமிழ்ல ஒரே ‘ல’தான பாப்பா. வீட்டுல, பஸ்ல, திங்கக்கெழமைல. இவனுங்களுக்கு மட்டும் எதுக்கு மூணு?"

காருக்கு இன், பஸ்ஸுக்கு ஆன் என்றேன். "பஸ்ஸு மேல ஏறி உக்காந்தா கண்டக்டர் சும்மா விடுவானா?" என்றார். ஊருக்கு இன், தீவுக்கு ஆன் என்று சொல்லிவைத்தேன். இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, "ஸ்ரீரங்கம் ஊரா தீவா?" என்று கேட்டார். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் நாங்கள். டீச்சர் சொன்னால் சொன்னதுதான் என்று அதட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு மாணவன் மாதிரி நடித்தார்.

கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். புதுச்சட்டைக்குள் வைத்து வரும் அட்டையை மூன்றாக வெட்டி, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை எழுதினேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவது, அப்பா எதிரில் நான் உட்கார்ந்துகொள்வது, அவர் தடுமாறும் இடத்தில் சரியான அட்டையைத் தூக்கிக் காட்டுவது என்று ஏற்பாடு. அம்மாவுக்கு அதில் அப்படி ஒரு பூரிப்பு. என் பிள்ளை கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று ரவிக்கை வாங்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொந்தமாக ஒரு வீடு வேண்டும், அதன் ஜன்னல் ஓரத்தில் தையல் மிஷினைப் போடவேண்டும். மஸ்கட் என்றால் அவளுக்கு அந்த ஜன்னல்தான்.

எனக்கோ மஸ்கட் என்றால் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண். அவள் அப்பா அங்கே இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். ஒருநாள் நான் அவள் வீட்டில் இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. "நல்லா இருக்கீங்களா? சாப்ட்டீங்களா?" என்று அவள் கேட்டாள். முன்பின் தெரியாத விருந்தாளியிடம் பேசுவது மாதிரி இருந்தது. நான் அப்பாவை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். அன்று அப்பா வேலை முடிந்து வந்ததும், வேண்டுமென்றே நாலைந்து தடவை அவரை நீ, வா, போ என்று பேசிவைத்தேன்.

இன்டர்வியூ ஞாயிற்றுக்கிழமை காலையில். அப்பா போனில் பேசுவதற்குக்கூட சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா குக்கர் விசில் வந்துவிடும் என்று அடுப்பையே பற்றவைக்கவில்லை. போனில் பேசியவர் நிதானமான ஆள். பெயர், ஊர், அனுபவம் என்று கேட்டார். நான் அட்டைகளை மாற்றி மாற்றிக் காட்டினேன். அப்பா ஒரு பிழைகூட இல்லாமல் சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பக்கத்திலிருந்து "வெரி குட்" என்று குரல் வந்தது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். வாசற்படியில் நின்ற அம்மா தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா நிஜமாகவே போகப்போகிறார்.

உங்கள் வேலையில் அதிக ஆபத்தானது எது என்று அடுத்த கேள்வி. அச்சடித்த தாளில் இருந்த கேள்விதான். உயரத்தில் ஏறிச் செய்யும் வேலை என்று பதில். ஒர்க்கிங் அட் ஹைட். அப்பா ‘ஒர்க்கிங்’ வரை சொல்லிவிட்டு வழக்கம்போல் என்னைப் பார்த்தார். கை தானாகப் போனது என்று சொன்னால் அது பொய். மூன்று அட்டையில் தேடித்தான் ‘இன்’ என்பதை எடுத்தேன்.

அப்பா அட்டையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஒர்க்கிங் இன் ஹைட், சார்" என்றார்.

அந்தப் பக்கம் புரியவில்லை போலிருக்கிறது. திரும்பச் சொல்லச் சொன்னார். நான் அட்டையை இறக்கவில்லை. அப்பா இன்னொரு முறையும், அதற்கப்புறம் இன்னொரு முறையும் அதையே சொன்னார். போனில் பேசியவர் ஓகே, சொல்லி அனுப்புகிறோம் என்று வைத்துவிட்டார்.

அப்பா என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"சரியாத்தான காமிச்ச?"

"ஆமாப்பா."

"அப்ப சரி" என்று அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னை முழுசாக நம்பிவிட்டார் என்று எனக்கு ஒரே நிம்மதி.

நாலு நாள் கழித்து ஏஜென்ட் வந்தார். "மத்ததெல்லாம் பரவால்லண்ணே. ‘அட் ஹைட்’டுங்கிறது இந்த வேலைக்கு ஆனா ஆவன்னா மாதிரி. அதே தெரியாதவரு எந்த சைட்ல வேல பாத்தாருன்னு கேக்குறாங்கண்ணே" என்றார். அம்மா உள்ளே போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். மிஷின் ஓடவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகவும் அதைவிடக் கூடுதலாகச் சந்தோஷமாகவும் இருந்தது. அன்று சாயங்காலம் அப்பா என்னை சைக்கிளில் உட்காரவைத்து காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூட்டிப்போனார். வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

அதன்பிறகும் அப்பா சாரம் ஏறிக்கொண்டேதான் இருந்தார். ஐம்பதைத் தாண்டுவதற்குள் இரண்டு முழங்காலும் போய்விட்டன. அம்மாவின் தையல் மிஷின் இன்றுவரை வாடகை வீட்டின் இருட்டு மூலையில்தான் இருக்கிறது.

மூன்று வருடம் முன்னால் அப்பா வேலையை விட்டபோது, ஏதோ ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க அந்தப் பட்டறைக்கு நான் போனேன். அதுவரை நான் அங்கே போனதில்லை. கேட்டைத் தாண்டியதும், ஆட்கள் வருகைப்பதிவு போடும் இடத்துக்கு நேர் எதிரே, ஆள் உயரத்துக்கு மஞ்சள் போர்டு ஒன்று. மேலே ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் ‘ஒர்க்கிங் அட் ஹைட்’. அதற்குக் கீழே தமிழில், உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட் அணியவும்.

நான் நின்று பார்ப்பதை வாட்ச்மேன் கவனித்திருக்கிறார்.

"உங்கப்பா எழுத்துதாம்மா அது. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு முன்னாடி அவருதான் புது பெயின்ட் வச்சு எழுதுவாரு. வேற ஆள தொட விடமாட்டாரு."

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். "நான் வந்து இருவது வருசம் ஆச்சு. அதுக்கு முன்னாலேர்ந்தே எழுதுறாரு" என்றார். இன்டர்வியூ நடந்தது அதற்கெல்லாம் பிறகு.

திங்கட்கிழமைக்கு எது, பஸ்ஸுக்கு எது என்பதில் அப்பாவுக்குக் குழப்பம் இருந்திருக்கலாம். இது அவர் தன் கையாலேயே வருடம் தவறாமல் எழுதிய வார்த்தை. நாங்கள் வீட்டில் படித்தபோதுகூட அந்த ஒரு பதிலை மட்டும் நான் திருத்தியதே இல்லை என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். தெரிந்துதானே தப்பாகச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை.

சரியாத்தான காமிச்ச என்று அவர் கேட்டபோது, ஆங்கிலத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். ‘நான் போகவேண்டாம்னுதான சொல்ற?’ என்று அவர் கேட்டிருக்கிறார். நானும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒருநாள், போகாதப்பா என்று அவர் மடியில் விழுந்து அழுதிருக்கலாம். அவரும் ஏதாவது சமாதானம் சொல்லிவிட்டு, மஸ்கட் போய்த் திரும்பியிருப்பார். முழங்காலாவது மிஞ்சியிருக்கும். அப்படி ஒரு வார்த்தை தமிழில் சொல்லலாம் என்று அந்தப் பதினோரு வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு ஆங்கிலம்தான் நன்றாக வரும்.