இருமலோடு வந்த வயலின்

என் நாத்தனாருக்கும் எனக்கும் ஒத்துப்போகாது என்பது ஹோட்டலில் எல்லோருக்கும் தெரியும். ஒத்துப்போயிருந்தால்தான் அதிசயம். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே இடத்தில் வேலை செய்கிறோம். ஹோட்டலின் கீழ்த்தளத்தில் சலவைக்கூடம். அதில் அவருக்கு இஸ்திரி மேஜை, நேர் எதிரே எனக்குத் தையல் மேஜை. அறுந்த பொத்தான், பிரிந்த ஓரம், கிழிந்த பை எல்லாம் என்னிடம் வரும். நான் தைத்ததை அவர் தேய்ப்பார். ஒரு தையல் கோணலாக இருந்தால் வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டார். துணியை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வார். திட்டினாலாவது பதிலுக்குத் திட்டி ஆறிப்போயிருப்பேன்.

என் கணவருக்கு ஒரே அக்கா. நான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோதே பின்னறையில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், வந்த புதிதிலேயே கேட்டுவிட்டேன்.

"தோணல" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஹோட்டலில் அவருக்கு இஸ்திரி அக்கா என்று பெயர். முழங்கைவரை நீராவி சுட்ட தழும்புகள். சட்டை என்றால் முதலில் காலர், பிறகு கைகள், கடைசியில் முதுகு. இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. சினிமா, அரட்டை, ஊர்வம்பு எதிலும் நாட்டமில்லை. இந்த மனுஷிக்கு உலகத்தில் எதுதான் பிடிக்கும் என்று நான் கணவரிடம் அலுத்துக்கொண்ட காலம் உண்டு. அது தெரிந்த பிறகு, ஏன் தெரிந்தது என்று அலுத்துக்கொண்டேன்.

சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. துணிகளின் பைகளில் கிடைப்பதை வாசல் பக்கத்து டப்பாவில் போட்டுவிட வேண்டும். சாவி, சீப்பு, பேனா, ஒரு முறை முழுப் பல்செட்டே வந்தது. ஒரு வருஷம்வரை யாரும் கேட்டு வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே சொந்தம். பல்செட்டை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. நாத்தனாருக்கு ஒரு கோட்டுப் பையிலிருந்து கேசட் ஒன்று கிடைத்தது. மேலே பெயர் இல்லை, ஊர் இல்லை. வருஷம் முடிந்ததும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. அதுவும் ஹோட்டல் கழித்துக்கட்டியதுதான். அதில் ரேடியோ மட்டும் கேட்போம், கேசட் போட்டதே இல்லை. நாத்தனார் அதைப் பின்னறைக்குத் தூக்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முன்னுரை எதுவும் இல்லாமல் ஒரு வயலின் கிளம்பியது. பின்னாலேயே ஒரு பெரிய கூட்டம் வாத்தியங்களோடு எழுந்தது. எண்ணெய் காணாத கதவு ஒன்று துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது. காயப்போட்டு முடித்துவிட்டு உள்ளே வந்தேன். நாத்தனார் கதவைத் திறந்துகொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"உள்ள யாரோ இருக்காங்க" என்றார்.

"யாரு?"

"தெரியல. ஆனா எல்லாம் தெரிஞ்ச ஆளு."

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லிப் பழக்கமும் இல்லை.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அந்தக் கேசட்தான். அது என்ன என்று சொன்னவர் ஹோட்டல் வரவேற்பறையில் பியானோ வாசிப்பவர். தேய்த்த கோட்டை வாங்கக் கீழே வந்தவரை நாத்தனார் நிறுத்தி, யாரிடமும் நின்று பேசாத அந்த நாத்தனார், தொண்டைக்குள்ளேயே ஒரு மெட்டை முனகிக் காட்டினார். எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது.

பியானோக்காரர் கோட்டைப் போட மறந்து நின்றார். "இது வயலின் கான்செர்ட்டோங்க. ஒரு பக்கம் ஒத்த வயலின், இன்னொரு பக்கம் மொத்த இசைக்குழு. எழுதி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இது எங்கங்க உங்களுக்குக் கெடச்சுது?"

"பையில. வாசிக்கிறது யாரு?"

"அதெப்படிங்க சொல்றது? வயலின் எடுத்தவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இத வாசிச்சிருப்பாங்க."

பெயர் தெரியாததால் நாத்தனாருக்கு அந்த வயலின்காரர் வெறும் 'அவரு' ஆனார். "இந்த எடத்துல அவரு கொஞ்சம் நின்னு யோசிப்பாரு", "இங்க அவரு இசைக்குழு கிட்ட கோவிச்சுக்குவாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். எனக்கு இது போதாதா? "அண்ணி, உங்க அவரு இன்னைக்கு வீட்டுல இருக்காரா, இல்ல வெளிய போயிருக்காரா?" என்று சீண்டுவேன். கோபமே வராது. ஒரு முறை சிரிக்கக்கூடச் செய்தார். அவர் பல்வரிசை இவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கேசட்டில் ஒரு இருமலும் உண்டு. யாரோ மேடையில் வாசித்ததை அரங்கத்திலேயே பதிவு செய்தது போலிருக்கிறது. முதல் பகுதி முடிந்து, மெதுவான பகுதி தொடங்கும் முன் கேட்பவர்களில் ஒருவர் இருமுவார். அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த இருமல். பெரிய உடம்பு, வயசானவர், முன்வரிசை என்று நாத்தனார் முடிவு கட்டியிருந்தார். இருமுகிற அந்த ஆளுக்குத் தொண்டைக்காரர் என்று பெயர். தொண்டைக்காரர் இருமி முடித்ததும் நாத்தனார் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு அந்த மெதுவான பகுதி வரும். அது ஓடும்போது அவரைக் கூப்பிட்டால் காதில் விழாது, வீடு பற்றி எரிந்தாலும் விழுந்திருக்காது.

ஒரு முறை அடுப்பு கேஸ் தீர்ந்துபோனதைச் சொல்லப் போனேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தழும்பேறிய கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன. நாள் முழுக்க இரும்பைப் பிடித்த கைகள் அப்படி எதையும் பிடிக்காமல் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. கேஸைப் பற்றிச் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

இப்படி வருஷக்கணக்காக ஓடிய டேப் ரெக்கார்டர் ஒரு நாள் நின்றுபோனது. கடைத்தெருவில் ரேடியோ, டிவி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தோம். ரேடியோக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் கழற்றித் துடைத்து, பெல்ட் மாற்றி, சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தார். நாத்தனார் வீட்டுக்கு வந்ததும் கேசட்டைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்தார்.

"இது அவரில்ல."

"என்னது?"

"கேசட்ட மாத்திட்டான். இது வேற யாரோ. அவசரமா, கீச்சுன்னு வாசிக்கிறாரு. இருமுறது கூட ஒரு சின்னப் பொண்ணு."

நான் போய்க் கேட்டேன். எனக்கு என்ன தெரியும், எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆனால் இருமல் மட்டும் நிஜமாகவே மாறியிருந்தது. தொண்டைக்காரரைக் காணோம். அவர் இடத்தில் ஒரு பெண்பிள்ளை கைக்குட்டைக்குள் இருமிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் கடைக்குப் போய்ச் சண்டை போடவில்லை. சண்டை அவருக்கு வராது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் துணியை மடித்துத் தள்ளிவைப்பதுதான், அதையே செய்தார். கேசட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்து வந்தால் செய்ய எதுவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். சாப்பாடு இறங்கவில்லை. இஸ்திரி மேஜையில் ஒரு நாள் முதுகைத் தேய்த்துவிட்டுக் காலருக்கு வந்தார்.

என் மகள்தான் வழி சொன்னாள். "அத்தை, போன்ல எல்லாம் இருக்கு. உங்க ஆள நான் கண்டுபிடிச்சுத் தர்றேன்." பியானோக்காரரிடம் அந்தக் கான்செர்ட்டோவின் பெயரை எழுதி வாங்கிவந்து தேடினாள். தேடினால் குவிகிறது. எத்தனை பேர் வாசித்திருக்கிறார்கள். கிழவர்கள், குழந்தை முகம் மாறாதவர்கள், செத்துப்போய் எவ்வளவோ காலமானவர்கள். விடுமுறை நாட்களில் இருவரும் கட்டிலில் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்பார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து பொத்தான் தைப்பது போல் பாவனை செய்வேன்.

நாத்தனார் கேட்டுத் தீர்ப்பு சொல்வார். "இவரு கஞ்சி போட்ட மாதிரி வெறப்பா நிக்கிறாரு." "இந்தம்மா நல்லா வாசிக்கிறாங்க, ஆனா நாம அழணும்னு அவங்களே முன்னாடி அழுதுடறாங்க." "இவன் சின்னப் பையன், கைல வேகம் இருக்கு, இன்னும் அடி படல." ஒரு பழைய பதிவு, மழை பெய்யும் சத்தத்துக்கு நடுவே வயலின் கேட்கும், அதற்கு மட்டும் எழுந்து நின்றுவிட்டார். "பெரிய மனுஷன்" என்றார். பிறகு உட்கார்ந்து, "ஆனா அவரில்ல" என்றார்.

ஒரே மெட்டு, ஒரே சுரம், எழுதிவைத்ததை எழுத்து மாறாமல் வாசிக்கிறார்கள். இருந்தும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஆள். வாசற்படியில் உட்கார்ந்து இது எனக்கே மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்தது. எண்ணெய் காணாத கதவு என்று சொன்ன வாய் இது. எங்கோ பிறந்து எங்கோ போய்ச்சேர்ந்த ஒரு ஆளின் சுபாவம் ஒரு கம்பியின் வழியாக எங்கள் பின்னறைக்கு வருவது என்பது, நினைத்தால் பயமாகக்கூட இருந்தது.

ஆனால் அவர் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு நாள் நாத்தனார் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "போதும்மா. அவரு போயிட்டாரு" என்றார். ஒரு சாவைச் சொல்கிற குரல் அது. என் மகள் என்னைப் பார்த்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் ரேடியோக்காரர் மேல் என்று வைத்துக்கொண்டேன்.

அலமாரியிலிருந்து கேசட்டையும் டேப் ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். நாத்தனார் வேண்டாம் வேண்டாம் என்றபடி பின்னாலேயே வந்தார்.

"எங்க கேசட்ட என்ன பண்ணீங்க?" என்றேன்.

ரேடியோக்காரர் நெற்றிக்கு ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "உள்ள இருந்த கேசட் அப்படியேதாம்மா இருக்கு. நான் அத வச்சு என்ன பண்ணப் போறேன்?"

"காதுல பூ சுத்தாதீங்க. அதுல இருமினது ஒரு வயசான ஆம்பள. இப்ப இருமுறது ஒரு சின்னப் பொண்ணு. ஆள மாத்தாம இருமல் எப்படி மாறும்?"

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"இருமலும் மாறிச்சா?"

"ஆமாங்கறேன்."

"முன்னாடி எல்லாமே இதவிடக் கனமா, மெதுவா இருந்துச்சா?"

"ஆமா" என்றார் நாத்தனார், முதல் முறையாக வாய் திறந்து.

ரேடியோக்காரர் பெருமூச்சு விட்டார். "அப்ப கேசட் மாறலம்மா. மெஷின்தான் மாறிச்சு. உங்க மோட்டார் ஆரம்பத்துல இருந்தே மந்தமா ஓடியிருக்கு. மெதுவா ஓடினா எல்லாக் குரலும் கனத்துடும். ரேடியோவுக்கு மோட்டார் வேணாம், அதனால அதுல தெரிஞ்சிருக்காது. வேல சுத்தமா இருக்கட்டும்னு நான் வேகத்த சரி பண்ணிட்டேன். இப்பக் கேக்குறதுதான் அந்த மனுஷன் நெஜமா வாசிச்சது."

நாத்தனார் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அப்படி ஒருத்தரு இல்லவே இல்லையா?"

இத்தனை வருஷம் தினமும் கேட்டுப் பழகிய ஆள் உலகத்திலேயே இருந்ததில்லை என்றால் ஒருவருக்கு எப்படி இருக்கும்? சீண்டிச் சீண்டியே காலத்தைக் கழித்த எனக்கு அந்த நேரம் ஒரு ஆறுதல் வார்த்தை வரவில்லை. அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

"ஒக்காருங்க" என்றார் ரேடியோக்காரர். வாசலில் நின்ற ஆளை அப்புறம் வரச்சொல்லி அனுப்பினார். மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றினார். மோட்டாரின் முதுகில் ஒரு சிறிய ஓட்டை, அதற்குள் ஒரு திருகு. கேசட்டை இருமலுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து ஓடவிட்டார். சின்னப் பெண் இருமினாள். திருகை மயிரிழை திருப்பிவிட்டு, கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி விட்டார். இப்போது நடுவயதுக்காரி ஒருத்தி இருமினாள். நாத்தனார் தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம். ஒரு இளைஞன் இருமினான். இன்னும் கொஞ்சம்.

அடிவயிற்றிலிருந்து தொண்டைக்காரர் இருமினார்.

"போதும், திருகாதீங்க" என்றார் நாத்தனார்.

யாரும் எதையும் தொடவில்லை. கேசட் ஓடியது. ஒரு வாத்தியம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது, அதிலிருந்து மற்றவை ஒவ்வொன்றாக விலகிவந்து இடம் விட்டன, அந்த இடத்தில் வயலின் வந்தது. அவர் வந்தார். போனில் அத்தனை பேரைக் கேட்ட பிறகு எனக்கே தெரிந்துவிட்டது, இது இன்னொருவர் இல்லை. அவசரமே இல்லாத ஆள். ஒவ்வொரு சுரத்தையும் வைத்துவிட்டு அது உட்காரும்வரை காத்திருந்து அடுத்ததை வைத்தார். என் கண்ணிலிருந்து தண்ணீர் தானாக இறங்கியது. ரேடியோக்காரர் திருப்புளியை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். வெளியே பஸ் போனது, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், எதுவும் உள்ளே வரவில்லை. நாத்தனாரின் கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன.

அந்தப் பகுதி முடிந்ததும் ரேடியோக்காரர் மெதுவாகக் கேட்டார். "இங்கயே விட்டுடவாம்மா? இது தப்பான வேகம். நெஜத்துல எந்த மனுஷனும் இப்படி வாசிக்கல."

நாத்தனார் மெஷின் மேல் கை வைத்தார்.

"இங்கயே விட்டுடுங்க" என்றார். "பாவம், வாசிச்சவருக்கே இதக் கேக்கக் குடுத்துவைக்கல."